பழைய டிராக்டருக்கு டைமிங் வைத்தல்: கொங்கு உளிக்கோடுகள் குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கல்

கொங்கு நாட்டில் பழைய டிராக்டர் ஒன்றுக்கு டைமிங் வைக்கும்போது ஸ்பேனர் பிடிப்பவர் ஒருவராகவும், தீர்ப்புச் சொல்பவர் அறுவராகவும் இருப்பது ஏன்? கொடுமணல் அகழாய்வுக்குக் கிடைத்த கவனத்தில் கால்பங்குகூட இக்கேள்விக்குக் கிடைக்கவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

2. வரலாறு

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி விழும் நேரமே டைமிங். நம் தோட்டங்களில் ஓடும் டீசல் வண்டிக்குப் பொறியே கிடையாது. இறுக்கிய காற்றின் சூட்டில் டீசல் தானே பற்றும். எனவே பிஸ்டன் உச்சிக்கு வருமுன் எந்தப் பாகையில் டீசலைப் பீய்ச்சுவது என்பதே இங்கு கேள்வி. ருடால்ஃப் டீசல் 1893இல் இத்தகைய இன்ஜினுக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு கோவைக்கருகே கலங்கலில் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு பிறந்தார். இது தற்செயல் என்ற கருத்து கோவைக்கு வெளியே மட்டுமே செல்லுபடியாகும்.

3. கணிதம்

இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் நொடிக்கு 9000 பாகை. டீசல் பம்பு அதில் பாதி வேகத்தில் சுழல்வதால், பம்பை 1 பாகை திருப்பினால் இன்ஜின் கணக்கில் அது 2 பாகை. அதாவது நொடியில் 4500இல் ஒரு பங்கு. இந்த இடைவெளியைத்தான், மதில்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடும் பெரியவர் ஒருவர், “கொஞ்சம் பிந்திப் போச்சுங்க” என்று காதாலேயே அளந்து சொல்கிறார்.

4. கல்வெட்டுச் சான்று

பம்பைப் பூட்டும் நட்டுகளுக்கான துளைகள் நீளவாக்கில் இருக்கும். நட்டைத் தளர்த்தி, பம்பை அதன் சுழற்சிக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முந்தும். சுழலும் பக்கம் திருப்பினால் பிந்தும். பம்பிலும் இன்ஜினிலும் கம்பெனி போட்ட கோடுகள் நேருக்கு நேர் நின்றால் சரி.

ஆனால் வயதான வண்டிகளில் ஒரே கோடு இருப்பதில்லை. வந்த மெக்கானிக்கெல்லாம் உளியால் தத்தம் கோட்டைப் பொறித்துச் சென்றுள்ளனர். ஆழமான கோடு பழைய பட்டறைக் காலம், மெல்லியது பிற்காலம், இரண்டுக்கும் நடுவே சாய்ந்து கிடப்பது, வண்டிக்காரரே நட்டைத் தொட்ட இருண்ட காலம்.

5. மூன்று பள்ளிகள்

செவிப் பள்ளியார் “டக் டக்” என்று அடித்தால் முந்தியது என்பர். புகைப் பள்ளியார் புகை மண்டி, இழுவை குறைந்தால் பிந்தியது என்பர். கோட்டுப் பள்ளியார் பேசமாட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிவார். மூவருக்குமிடையே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வளவே:

“ஏனுங்ணா, செரியாப் போச்சுங்களா?”

“இன்னொரு நூல் திருப்பிப் பாக்கலாமுங்க.”

6. ஆய்வு முடிவு

பம்பைத் திருப்புவதில்தான் மூன்று பள்ளிகளும் ஒருங்கே சறுக்குகின்றன. பம்பைச் சுழற்றுவது பல்சக்கரம். நட்டு தளராதவரை டைமிங் தானாக நகர்வது அரிது. ஆனால் ஏர் ஃபில்டரில் செம்மண் அடைத்தாலும் கரும்புகைதான் வரும். டீசலைப் பீய்ச்சும் நாசில் அதைத் தூறலாக்காமல் ஒழுக விட்டாலும் புகையும் இடியும் வரும். குற்றவாளிகள் இவ்விருவரும் வெளியே நடமாட, தண்டனை பம்புக்குக் கிடைக்கிறது. திருப்பியதும் சத்தம் மாறும். மாறியதைத் தேறியதாக எண்ணிப் புதுக்கோடு வெட்டுவர். அடுத்த உழவில் பழைய புகையே திரும்பும். அடுத்த மெக்கானிக்கும் வருவார். ஆகவே உளிக்கோடுகள் டைமிங்கின் வரலாறு அல்ல. கழுவப்படாத ஃபில்டர்களின் வரலாறு.

7. பரிந்துரை

புகை கண்டால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து நாசிலை டெஸ்டுக்குக் கொடுங்கள். பம்பு நட்டைக் கடைசியாகத் தொடுங்கள். தொட்டுவிட்டால் கம்பெனிக் கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்துங்கள். தீர்ப்புச் சொல்லும் அறுவருக்கும் டீ வாங்கிக் கொடுங்கள். உளியை மட்டும் அவர்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.