பாவ்லிஸ்டா சாலையில் கைப்பேசி

கேள்வி: என் மகன் வேலை விஷயமாக பிரேசிலின் சாவ் பாவ்லோவுக்குப் போகிறான். திருட்டு அதிகம் என்கிறார்கள். என்ன சொல்லி அனுப்பட்டும்?
– ஒரு தாய், தெப்ராவ்

பதில்: அம்மா, ஜொகூரில் தெருவில் நடக்கும்போது கைப்பையைச் சாலைப் பக்கம் மாட்டாதே என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்த்தீர்கள்? பாதிப் பாடம் முடிந்துவிட்டது. நம் ஊரில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கண் பையின் மேல். சாவ் பாவ்லோவின் பாவ்லிஸ்டா அவென்யூவில் சைக்கிளில் வருகிறவன் கண் கைப்பேசியின் மேல். வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் நுழைந்து பார்க்கட்டும்.

கைப்பேசிக்குள் வங்கியே இருப்பதுதான் திருடனுக்கு ருசி. கிளம்புமுன் பணம் அனுப்பும் வரம்பைக் குறைக்கச் சொல்லுங்கள். அவன் கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணைத் தாளில் எழுதி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு நடை வேண்டாம், வாடகை வண்டிதான்.

இதையும் மீறி யாராவது மறித்தால், வீரம் காட்டாமல் கொடுத்துவிடட்டும். அங்கே எதிரில் நிற்பவனிடம் துப்பாக்கி இருக்கலாம். இதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் தங்கும் அறையில், நகல் சட்டைப் பையில். போலீசுக்கு 999 அல்ல, 190. மலேசியத் தூதரகம் இருப்பது தலைநகர் பிரேசிலியாவில். சாவ் பாவ்லோவிலிருந்து சாலை வழியே சுமார் 1,000 கிலோமீட்டர். தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் இன்றே குறித்துக் கொடுத்துவிடுங்கள்.