மருமவனும் ஏழு மார்க்கும்

வா மருமவனே, உக்காரு. மிளகுச் சாக்கு மேல வேண்டாம், ஸ்டூல்ல உக்காரு, பேன்ட் புதுசு.

பி.எஸ்சி. நர்சிங் நாலு வருசமும் இங்கிலீஷ்லயே படிச்சு, இங்கிலீஷ்லயே எழுதிப் பாஸ் பண்ணின பிள்ளை நீ. இப்ப அதே இங்கிலீஷைக் கத்துக்க எர்ணாகுளத்துல கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டியிருக்கியாமே, அக்கா சொன்னா. நல்ல காரியம். ஐஇஎல்டிஎஸ் பரீட்சையில இங்கிலாந்து நர்சிங் கவுன்சில் கேக்குறது என்ன? படிக்க, பேச, காதால கேக்க 7; எழுத மட்டும் 6.5. எழுத்துல நீ புலி. வாய்தான் திறக்க மாட்டேங்குது.

திறக்காதே. பேசினா தப்பு வரும், தப்பு வந்தா பட்டத்துக்கு அவமானம். நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா ஜூதப்பள்ளிக்கு, அதான் யூதர் கோயிலுக்கு, வழி கேட்டப்ப, அடிக்காத போனைக் காதுல வச்சுக்கிட்டியே, அந்தச் சாமர்த்தியம் எந்தக் காலேஜ்லய்யா சொல்லிக் குடுத்தாங்க? வழி சொன்னது ஆட்டோக்காரன். எட்டாங் கிளாஸ். அவன் சொன்னதுல மருந்துக்குக்கூட இலக்கணம் இல்ல. அந்தம்மா சரியாப் போய்ச் சேந்துட்டா.

மட்டாஞ்சேரியில பிறந்துட்டு ஒரு பாஷைக்கா இப்படி நடுங்குற? கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம், நம்ம தமிழ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு நடக்குற ஊரு. டச்சு கவர்னர் வான் ரீட் மலபார்ச் செடிகொடியையெல்லாம் புத்தகமாக்கினப்ப, இட்டி அச்சுதன் வைத்தியர் 1675ல மலையாளத்துல சொன்னாரு. கொச்சிக்காரன் மனுவேல் கர்னேய்ரு அதைப் போர்ச்சுகீசுல ஆக்கினான். அங்கேருந்து லத்தீனுக்குப் போச்சு. ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ், 12 தொகுதி, 1678லேருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. அத்தனை வாய் மாறியும் மஞ்சள் மஞ்சளாத்தான் போய்ச் சேந்துது. இங்கிலீஷ்காரன் கொச்சியைப் புடிச்சதே 1795லதான். வந்த வரிசையில கடைசி ஆளு.

பரீட்சையில ஒரு சீட்டு குடுப்பானாம். ஒரு நிமிசம் யோசிச்சு, ரெண்டு நிமிசம் வரைக்கும் பேசணுமாம். அதுக்கும் மனப்பாடப் பதில் வச்சிருக்கியாமே! ‘எனக்குப் பிடித்த ஆசிரியர்’னு உருப்போட்டுட்டுப் போ. அவன் ‘நீ போன சந்தை’ன்னு சீட்டை நீட்டினா, வாத்தியாரைச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போயிரு. இத்தனை கூத்துக்கும் அந்த மார்க்குக்கு ஆயுசு ரெண்டே வருசம். அதுக்குள்ள விமானம் ஏறலேன்னா மறுபடி சீட்டு, மறுபடி சந்தை.

சரி, கோவிச்சுக்காதே. சாயங்காலம் கடையில வந்து நில்லு. வர்றவங்க ஏலக்காய்க்கு விலை கேப்பாங்க, சொல்லு. குறைச்சுக் கேப்பாங்க. ஏன் குறைக்க முடியாதுன்னு ரெண்டு நிமிசம் பேசு. சென்டர்ல இதுக்கு நீ காசு குடுக்குற, இங்க நான் குடுக்குறேன். ஏலக்காய்க்குக் கமிஷன் உண்டு. கிராம்புக்குக் கிடையாது, அதுல எனக்கே ஒண்ணும் நிக்கல.