ஒரே சுவர், இரண்டு குடித்தனம்

கே: கிடர்பூரில் எங்கள் பழைய வீட்டுச் செங்கல் சுவரில் இரண்டு ஓட்டை, இரண்டிலும் கொசுத்தேனீ. ஊரிலிருந்து வந்த மாமா தேன் எடுத்துத் தந்தார். ஒன்று புளிக்கிறது, மற்றது கசக்கிறது. ஏன்?
– வாசகி, கிடர்பூர், கொல்கத்தா

ப: ஒரே சுவரென்றாலும் இரண்டு குடித்தனம். குழம்பு ஒன்றாகவா இருக்கும்? கொசுத்தேனீ அடை கட்டி அதில் தேன் வைக்காது. மெழுகோடு மரப்பிசினைக் குழைத்து, சுண்டைக்காய் அளவில் சட்டி செய்து ஊற்றி வைக்கும். எந்த மரத்துப் பிசினோ, அந்த வாசம் தேனில் இறங்கும். பக்கத்துச் சட்டிகளில் மகரந்தம். மாமா எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்திருந்தால் மகரந்தக் கசப்பும் கூடவே வந்திருக்கும். இன்னொன்று: பிசின் கிடைக்காவிட்டால் ஈரப் பெயின்டையும் அள்ளிப்போகிற ஜாதி அது. உங்களுக்கோ பக்கத்தில் துறைமுகம், பெயின்டுக்குப் பஞ்சமில்லை. கூட்டின் வாசல் குழாயைப் பாருங்கள். நீலமாக இருந்தால் தேனை மாமாவுக்கே கொடுத்துவிடுங்கள்.

கே: கொசுத்தேன் தண்ணீராக ஓடுகிறதே, கலப்படமா?
– வாசகர், மார்த்தாண்டம்

ப: தேனூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? சாதாரணத் தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது சர்வதேச உணவுத் தரம். கொசுத்தேனில் 25, 30 சகஜம். தம்ளர் தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்க்கும் பாட்டி சோதனையில் பாவம், அசல் சரக்கே தோற்கும். மலேசியா 2017-ல் கொசுத்தேனுக்கென்று தனித் தரமே எழுதி 35 வரை அனுமதித்தது. ஃபிரிஜ்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் நுரைத்து, ஒருநாள் மூடி 'டப்' என்று பேசும்.

கே: சர்க்கரை நோயாளிகள் பயமில்லாமல் சாப்பிடலாமாமே?
– வாசகர், ஈப்போ

ப: யார் சொன்னது, விற்றவரா? இந்தத் தேனில் டிரெஹாலுலோஸ் என்ற அபூர்வச் சர்க்கரை நிறைய இருப்பதாக 2020-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் கூட்டுக்குக் கூடு அளவு மாறும், குளுக்கோஸும் கூடவே இருக்கும். டாக்டரைக் கேளுங்கள், தேன்காரரை அல்ல.

கே: விலை ஏன் இவ்வளவு?
– வாசகர், தென்காசி

ப: ஒரு கூட்டில் வருஷத்துக்கு ஒரு கிலோ தேறினாலே அதிகம். பேரத்தைக் கொசுவிடம் பேசுங்கள்.

கே: இங்கே சுந்தரவனத் தேனைக் கொசுத்தேன் என்று விற்கிறார்களே?
– மீண்டும் கிடர்பூர் வாசகி

ப: 2024-ல் புவிசார் குறியீடு வாங்கிய சுந்தரவனத் தேன் மலைத்தேனீ சேர்த்தது. அதை எடுக்கப் போகிறவர்களுக்குப் புலிப் பயம். உங்கள் சுவர்க்காரர்களுக்குக் கொடுக்கு பேருக்குத்தான். கோபம் வந்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். அடுத்த முறை மாமாவுக்கு ஒரு துண்டு கட்டிவிடுங்கள்.