புல்லட்டின் தொண்டை: மலிவு கார்ப்பரேட்டர் தேர்வு குறித்த ஓர் ஆய்வு

பழைய புல்லட் 350-க்கு எந்தக் கார்ப்பரேட்டர் வாங்குவது என்னும் வினாவைத் தமிழ் அறிஞர் உலகம் இதுகாறும் தீண்டாமல் விட்டிருப்பது வியப்புக்குரியது. 1955-இல் சென்னையில் காலூன்றிய என்ஃபீல்டு, 2013-இல் ஒரகடத்துக்கும் பிறகு வல்லம் வடகாலுக்கும் வந்து, செம்பரம்பாக்கம் ஏரிக்கு அக்கம்பக்கத்து உறவாகிவிட்டது. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் புல்லட்டும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. புல்லட் பிறக்கும் மண்ணில் குடியிருப்பவரும் பழைய கார்ப்பரேட்டருக்குச் சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகள் வரை போயாக வேண்டிய நிலை இப்படித்தான் உண்டானது. போகிறவர் கையில் ஒரு கோட்பாடு இருப்பது நல்லது: தொண்டை அளவு மாறாத, உதிரி கிடைக்கிற கார்ப்பரேட்டரே மலிவானது, விலைச்சீட்டு அதற்குப் பிறகு.

சான்றுகளைப் பார்ப்போம். பழைய 346 சி.சி. இன்ஜினுக்குப் பொருந்தி வந்தது 24 மி.மீ. தொண்டை கொண்ட மிக்கார்ப் கார்ப்பரேட்டர். குறுகிய தொண்டையில் காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே இழுக்கிறது. பெட்ரோல் எவ்வளவு உயரத்தில் காத்திருக்க வேண்டும் என்பதைக் கிண்ணத்திலுள்ள ஃப்ளோட் தீர்மானிக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுக் காவலர் பார்ப்பதும் இதே வேலைதான். மட்டம் மீறினால் அங்கே அடையாறு பெருகும், இங்கே வாசல் தரை நனையும். ஏரியின் முழு மட்டம் 24 அடி, புல்லட்டின் தொண்டை 24 மி.மீ. என்பதைத் தற்செயல் என்று பொறியாளர்கள் ஒதுக்கலாம். ஆய்வுலகம் அவ்வளவு அவசரப்படாது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். பெருந்தொண்டைவாதிகள், 500 சி.சி. வண்டியின் 28 மி.மீ. கார்ப்பரேட்டரை மாட்டினால் வண்டி பறக்கும் என்பார்கள். கணக்குப் போட்டால் தொண்டையின் பரப்பு 36 விழுக்காடு கூடுகிறது. இன்ஜின் உறிஞ்சும் காற்றோ கூடவில்லை. குறைந்த வேகத்தில் காற்று மந்தமாகும், இழுப்பு தளரும், கிக்கர் உதைக்கும் கால்தான் பறக்கும். அசல்வாதிகள் இங்கிலாந்து அமாலைத் தவிர மற்றதெல்லாம் பாவம் என்பார்கள். பக்தி போற்றத்தக்கதே, ஆனால் இறக்குமதிச் செலவைக் கூட்டினால் அது மலிவு என்ற தலைப்புக்குள் அடங்காது. டூப்ளிகேட்வாதிகள் பாதி விலைக்குப் பளபளப்பான பீஸைக் காட்டுவார்கள். அதில் காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடு தன் குழாய்க்குள் ஆடினால் இடுக்கு வழியே காற்று நுழைந்து ஐட்லிங் நிற்காது. ஜெட் எண்ணும் நம்பும்படி இராது. பிறகு மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலியையும் வீணாகும் பெட்ரோலையும் அதே விலையில் சேர்க்கத்தான் வேண்டும்.

நான்காவதாக ஒருவர், மாற்றத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பெட்ரோல் ஒழுகுவது மட்டுமே நோய் என்றால் ஃப்ளோட் நீடிலும் வாஷரும் மாற்றினால் போதும். உடம்பும் ஸ்லைடும் தேய்ந்திருந்தால்தான் முழுசாக மாற்றுவது சிக்கனம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைப் பதம்பார்க்கும் என்பதால், அதைத் தாங்கும் வாஷர்களாகக் கேட்டு வாங்குவது அறிவுடைமை.

ஆகவே, கடையில் ஸ்லைடை மேலே தூக்கி விட்டுப் பாருங்கள்: ஆடாமல், சிக்காமல் இறங்க வேண்டும். மாட்டி ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: காப்பிப்பொடி நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகை. விலை கேட்பதற்கு முன் தொண்டை எத்தனை மி.மீ. என்று கேளுங்கள்.