ஒரு கரண்டிச் சாமைச் சோறு: கலோரிக் கணிப்பின் முறையியலும் அடுப்படிச் சிக்கல்களும்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் நட்சத்திரங்களை அளந்துகொண்டிருக்கிறது. 1988 பிப்ரவரியில் அங்கே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ராமானுஜன் என்று பெயர். ஆனால் அதே மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் தட்டில் விழும் ஒரு கரண்டிச் சாமைச் சோற்றில் எத்தனை கலோரி என்று கேட்டால் திட்டமான விடை கிடைப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு.

முன்னோர் ஆய்வுகள்

கலோரிக் கணக்கின் மூதாதை, அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அவருடைய வாய்ப்பாட்டை உலகம் இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர் மூலநூல் பிறந்த இடமும் ஒரு மலைதான். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை 1937இல் வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. 2017இல் அங்கிருந்து வந்த புதிய அட்டவணையில் 528 உணவுப்பொருள்கள் இருக்கின்றன.

அய்க்ராய்டின் கவலை, மக்களுக்குக் கலோரி போதவில்லையே என்பது. 1979இல் திட்டக் குழுவின் பணிக்குழு வறுமைக்கோட்டைக் கிழித்ததும் கிராமத்துக்கு 2400, நகரத்துக்கு 2100 கலோரி என்று வைத்துத்தான். இன்று கைபேசிச் செயலியில் கலோரி எண்ணுபவருக்கு அந்த எண்ணைத் தாண்டிவிடுவோமோ என்று பயம். எண் அப்படியே இருக்க, பயம் மட்டும் கட்சி மாறிவிட்டது.

அட்டவணையும் அடுப்பும்

அட்டவணையில் இருப்பவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். உமி நீக்கிய சாமை 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 கலோரி. தீட்டிய அரிசியும் கிட்டத்தட்ட அவ்வளவே. சாமைக்கு மாறினால் கணக்கு பாதியாகும் என்று நம்பி மலையேறிய பட்டணத்துக்காரர் இந்த இடத்தில் சற்று உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம். சாமையின் பெருமை நார்ச்சத்தில் இருக்கிறது. கலோரிச் சிக்கனத்தில் இல்லை.

இனித் தண்ணீர்ச் சிக்கல். 200 கிராம் சாமையில் சுமார் 680 கலோரி. அதைச் சோறாக்கி நான்கு பேர் தின்றால் ஆளுக்கு 170. அதையே நீர்க்கக் கரைத்து எட்டு டம்ளர் கஞ்சியாக்கினால் டம்ளருக்கு 85. பானையில் கலோரி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எதிர்பாராமல் இரண்டு விருந்தாளிகள் வந்ததால் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்ந்தது, அவ்வளவுதான். செயலியில் ‘கஞ்சி, ஒரு கிண்ணம்’ என்று தட்டுபவருக்கு அந்த விருந்தாளிகளைப் பற்றி எதுவும் தெரியாது.

அளவைக் கருவிகள்

படிக்கு எட்டு ஆழாக்கு என்பது வரை கணக்கு கறாராக இருக்கிறது. அதற்குப் பிறகு கைப்பிடி, சிட்டிகை, கண்ணளவு என்று கருவிகள் நுட்பமாகிக்கொண்டே போகின்றன. ஆபத்து எண்ணெயில்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 40 கலோரி. தாளிக்கும்போது புட்டி சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து மூன்று தேக்கரண்டி அதிகம் விழுந்தால் 120. சாமையைக் கிராம் சுத்தமாக நிறுத்த தராசு இதற்கு முன்னால் வெட்கப்பட வேண்டியதுதான்.

உபசாரக் கெழு

அட்வாட்டர் கவனிக்காமல் விட்ட மாறி ஒன்று உண்டு. “போதும்மா” என்ற சொல்லுக்கும் கரண்டி நிற்பதற்கும் இடையே சோறு தொடர்ந்து விழுகிறது. “என்னப்பா சாப்பிட்ட, இன்னும் ஒரு வாய் போட்டுக்க” என்று விழும் இரண்டாம் கரண்டி, முதல் கரண்டியைவிடச் சிறியதாக இருந்ததற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. இலையை மூடுதல், கையால் மறித்தல், எழுந்து நிற்றல் ஆகிய மூன்று தடுப்பு முறைகளில் கடைசியானது மட்டுமே ஓரளவு பலன் தருகிறது.

முடிவுகளும் பரிந்துரைகளும்

தட்டை அளக்க முயல்வது வீண். பானையை அளக்கலாம். உள்ளே போன தானியத்தையும் பருப்பையும் எண்ணெயையும் பச்சையாக நிறுத்து, மொத்தக் கலோரியைக் கூட்டி, வெந்த உணவின் எடையால் வகுத்தால் கிராமுக்கு இவ்வளவு என்று வந்துவிடும். வெறும் பானையின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்வது அவசியம். அதன் பிறகும் விடை தோராயமானதுதான். அமெரிக்காவில் அச்சடித்த பொட்டலத்தின் கலோரி எண்ணுக்கே 20 சதவீதம் வரை பிசகச் சலுகை உண்டு என்னும்போது, மலையடுப்புக்கு அந்தச் சலுகையை மறுக்க நியாயமில்லை.

மேலாய்வுக்கு மூன்று தலைப்புகள் விடப்படுகின்றன: பருவத்தில் பலாச்சுளையை எண்ணித் தின்ன மனிதரால் இயலுமா, மலைத்தேன் எடுத்த கரண்டியை நக்குவது எந்த வேளைக் கணக்கில் சேரும், உப்புப் பார்க்கிறேன் என்று சமைத்தவர் உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தது யார் கணக்கு. மூன்றாவது தலைப்புக்குக் களப்பணி தேவை. தராசோடு அடுப்படிக்குள் நுழைய வீட்டம்மாவிடம் அனுமதி கேட்கப் போன ஆய்வாளர், தற்போது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.