இரகசியப் பை

மே மாதத்துத் தூத்துக்குடியில், சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருந்தால் ஏதோ கடுந்தவம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். மெழுகுதிரி அணைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கச் சபையின் கூட்டமென்றால் மேசைமேல் வெள்ளை விரிப்பு, நடுவில் மாதா சுரூபம், இருபுறமும் பூச்சாடி, எரியும் திரி இரண்டு. 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளின் நகரத்தில், பிராங்க் டஃப் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர் கூட்டிய முதல் கூட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்ட ஒரு பெண், யாரும் சொல்லாமலே மேசையை இப்படி அலங்கரித்து வைத்தாளாம். அதுவே உலகம் முழுக்கச் சட்டமாகிவிட்டது. பாவம், அவளுக்கு எங்கள் ஊர் வெயில் தெரியாது.

1984-இல் எனக்கு வயது இருபது. பி.காம். முடிந்திருந்தது. வேலைக்கு அனுப்புவதா கட்டிக்கொடுப்பதா என்று அப்பாவும் அம்மாவும் முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருஷம், கையெழுத்து அழகாக இருந்த ஒரே தகுதிக்காக, என்னைச் சேனையின் செயலராக்கினார்கள். பெயர்களெல்லாம் பழைய ரோமாபுரியிலிருந்து வந்தவை: எங்கள் குழு பிரசீடியம், அதற்கு மேலே கூரியா, மேசையில் நிற்கும் சிறு கொடிக்கம்பம் வெக்சில்லும். மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்து, அந்தக் கம்பத்தைப் பிடித்து வாக்குறுதி கொடுத்த அன்று, வாயில் சேலையும் ரப்பர் செருப்புமாக வீட்டுக்கு நடந்துபோன நான், தெருவே விலகி வழிவிடுவதாக நினைத்துக்கொண்டேன். விலகியவை இரண்டு ஆடுகள்.

என் அறிக்கைப் புத்தகத்தை நீங்கள் வாசித்திருக்க வேண்டும். வாயால் பூசை என்று சொல்லிவிட்டு, எழுதும்போது திருப்பலி என்று எழுதப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. புதுச் சொற்களின் மீது எனக்கிருந்த மோகத்தில், ஒரு பாட்டிக்குத் தலைவலித் தைலம் தேய்த்துவிட்டதைக்கூட 'நோயுற்ற முதியவரைச் சந்தித்து ஆறுதல் நல்கினோம்' என்று எழுதிவைத்து, அடுத்த வாரம் அதைக் குரலை உயர்த்தி வாசிப்பேன். வீடு நான்கு, நேரம் இரண்டு மணி. இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது சட்டம். எனக்குத் துணை, தையல் தைத்துப் பிழைத்த எங்கள் பொருளாளர் அக்கா.

இன்று யோசித்துப் பார்க்கையில், அந்த இரண்டு மணி நேரத்தின் மகிமை எனக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. கல்யாணமாகாத பெண் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் காரணமில்லாமல் நடக்க முடியாத ஊரில், மாதாவின் பெயரைச் சொன்னால் அப்பா ஈஸிச்சேரிலிருந்து தலையைக்கூடத் தூக்கமாட்டார். உங்களுக்கும் அப்படி ஒரு புண்ணியமான சாக்கு இருந்திருக்கும். இந்தி வகுப்போ, மார்கழி பஜனையோ. உப்புக்காற்றில் பேசிக்கொண்டே நடப்பதும், வழியில் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வீடு வருவதற்குள் தீர்த்துவிடுவதும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. பூசைக்கு வராத ஒரு பெரியவரை மனம்திருப்பும் பொறுப்பும் எங்களுக்கு இருந்தது. அவர் வீட்டில் இலங்கை வானொலி கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்கும் என்பதால், பாட்டு நேரம் பார்த்துப் போவோம். வருஷம் முடியும்வரை அவர் மனந்திரும்பவில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் அவசரப்படுத்தவில்லை.

பொருளுதவி எதுவும் செய்யக் கூடாது என்பது சேனையின் இன்னொரு சட்டம். கொடுக்க வேண்டியது நம்மைத்தானே தவிர நம் பணத்தை அல்ல என்பார் தலைவி டீச்சர். போகிற வீட்டிலோ எங்களிடமிருந்து எதுவும் வாங்காமல், "கருப்பட்டிக் காப்பி குடிக்காம போனியள்னா இனி வராதிய" என்று வாசலை மறித்துக்கொண்டு உபசரித்தார்கள். வாரத்துக்கு நான்கு வீடு, நான்கு டம்ளர். யார் யாருக்குச் சேவை செய்தது என்ற கணக்கைச் செயலராகிய நான் எழுதவேயில்லை.

போன ஜூலை 26-இல் பனிமய மாதா கொடியேற்றத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பழைய அறையை எட்டிப் பார்த்தேன். பேட்டரியில் எரியும் திரி, வாடாத பிளாஸ்டிக் பூ, தலைக்கு மேலே மூன்று மின்விசிறி. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அறிக்கையை ஒரு பெண் செல்போனைப் பார்த்து, ஒரு பிழையில்லாமல், காற்று வாங்கியபடி வாசித்தாள். என் மகளோ ராத்திரி பதினொரு மணிக்கு, எந்தப் புனிதரின் சிபாரிசும் இல்லாமல், தோழிகளோடு ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிறாள், சேனையில் சேரச் சொன்னால், "அதுல என்னம்மா கிடைக்கும்?" என்கிறாள். மக்ரூன் என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

பழைய உறுப்பினர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திருவிழா அசன விருந்துக்குப் பணம் சேர்த்தபோது, அனுப்புகிற ஒவ்வொருத்தியும் ரசீதுப் படத்தைக் குழுவில் போட, இன்னார் ஐயாயிரம், இன்னார் ஐந்நூறு என்று பெயரோடு விழுந்துகொண்டேயிருந்தது. ஐந்நூறுக்காரி அதன்பின் குழுவில் கைகூப்பும் படம்கூடப் போடவில்லை. எனக்கு எங்கள் இரகசியப் பை ஞாபகம் வந்தது. கூட்டத்தின் நடுவே ஒரு துணிப்பை கைமாறிச் சுற்றிவரும். இருக்கிறவர்கள் போடலாம், ஆனால் எல்லாரும் கையை விட்டு எடுக்க வேண்டும், யார் போட்டது எவ்வளவு என்று யாருக்கும் தெரியக் கூடாது. வருமானமில்லாத நான் வாரக்கணக்கில் வெறும் முட்டியை மூடி உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருந்தேன், ஒருவருக்கும் தெரியாது என்ற தைரியத்தில். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போது பொருளாளர் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏட்டி, சும்மா விட்டு எடுத்தா சத்தம் வராதுல்லா? உள்ள கிடக்கிற சில்லறையை விரலால ஒரு ஆட்டு ஆட்டிட்டு எடு."

அடுத்த வாரம் ஆட்டினேன். பை என்னைத் தாண்டிப் போனதும், முதன்முறையாகக் காதைக் கொடுத்துக் கேட்டேன். தலைவி டீச்சரின் கை உள்ளே போனபோது, பை கொஞ்சம் அதிகமாகவே கிலுங்கியது.