டெல்லியில் ஆயுள் முடியும் காருக்குக் காஞ்சியில் மறுபிறவி கோரும் மனு

அனுப்புநர்:
டெல்லி நம்பர் கார் வாங்கியோர், வாங்கப்போவோர், வாங்கிவிட்டு விழிப்போர்,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
நாடாளுமன்றச் சாலை, புது டெல்லி.

பொருள்: பிறந்த மாவட்டத்துக்கே திரும்பி வந்த காரை உள்ளூர்க் காராக ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 47, 48, 50.

ஐயா / அம்மையீர்,

இந்த மனுவில் மனுதாரர் எனப்படுபவர் தனி ஆள் அல்ல. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர், காந்தி ரோட்டுப் பட்டுக்கடை சேல்ஸ்மேன், ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்க்கும் இளைஞர் என்று டி.எல். நம்பர் காரைக் கைப்பேசியில் பார்த்து ஆசைப்பட்ட எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளாக எழுதியிருக்கிறது. தனித்தனியாக மனு வாங்கிப் படிக்க அமைச்சகத்துக்கு நேரமிருக்காது என்பதால் இந்தச் சிக்கனம்.

ஆசை வந்த விதம் எளிது. தெரிந்த புரோக்கர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். ஒன்பது வயது டீசல் கார், சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டியது. (பழைய கார் வியாபாரத்தில் இந்தியாவின் எல்லாக் கார்களையும் டாக்டர்களும் பேங்க் மேனேஜர்களும்தான் ஓட்டியிருக்கிறார்கள்.) அதே மாடல் டி.என். 21 நம்பரில் போகும் விலையை விட ரொம்பவே குறைச்சல். ஏன் என்று கேட்டால் புரோக்கர் சிரிக்கிறார். “அங்க அதுக்கு வயசாயிடுச்சு சார். இங்க இன்னும் ஆறு வருஷம் இருக்கு.”

புரோக்கர் சொல்வது பொய்யில்லை. எந்த வண்டிக்கும் 15 வயது வரம்பு என்று 2014 நவம்பரிலும், டீசல் வண்டிக்கு 10 வயது என்று 2015 ஏப்ரலிலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 2025 ஜூலை 1 அன்று வயதான வண்டிகளுக்கு பங்க்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று தடை வந்தது. இரண்டே நாளில் பின்வாங்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காட்டி வண்டிக்காரர் மேல் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4 புகைத் தரமோ அதற்குப் பிந்தையதோ உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. ஒவ்வோர் உத்தரவுக்கும் புரோக்கர் விலையை மாற்றிச் சொன்னார். சட்டச் செய்திகளை அவ்வளவு உன்னிப்பாகப் பின்தொடரும் ஒருவரை மனுதாரர் வேறெங்கும் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டிலோ தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்கவும் செய்யலாம். ஆக, டெல்லியில் சாவை நெருங்கும் டீசல் கார் காஞ்சியில் வாலிபம். இதில் மனுதாரருக்கு வியப்பில்லை. முக்தி தரும் ஏழு நகரங்களில் காஞ்சியும் ஒன்று; டெல்லி அந்தப் பட்டியலிலேயே இல்லை. டெல்லிக்காரர் நுரையீரலுக்கு ஆகாத புகை காஞ்சிக்காரர் நுரையீரலுக்கு மட்டும் எப்படி ஆகும் என்றொரு கேள்வி எழத்தான் செய்தது. விலையைப் பார்த்ததும் மனுதாரரே அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். வாங்கிய வண்டியின் சேசிஸ் எண் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்குகிறது. உலகெங்கும் காரின் அடையாள எண்ணில் முதல் மூன்று எழுத்து அதைச் செய்தவர் யாரென்று சொல்லும். இந்த மூன்றும் ஹூண்டாய் இந்தியாவுடையவை. 1998-இல் சான்ட்ரோவை வெளியே அனுப்பத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, இருங்காட்டுக்கோட்டையில், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. கார் டெல்லியிலிருந்து வந்த வெளியூர் ஆள் என்று கோப்பு சொல்கிறது. டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன உள்ளூர்ப் பெண் என்று சேசிஸ் சொல்கிறது.

அது வந்த வழியும் தங்களுடையதே. தேசிய நெடுஞ்சாலை 48 டெல்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு, வேலூர் என்று வந்து, காஞ்சிபுரத்தை ஒட்டி, இருங்காட்டுக்கோட்டை வாசல் வழியாகச் சென்னையில் முடிகிறது. நீளம் 2,800 கிலோமீட்டர். இடையில் எத்தனை மாநிலம் வந்தாலும் சாலைக்கு ஒரே எண்தான். மாநில எல்லையைத் தாண்டினால் எண் மாற வேண்டியது அதில் ஓடுகிற காருக்கு மட்டும். சாலையைப் போட்டதும் மோட்டார் வாகனச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் ஒரே அமைச்சகம் என்பதால், தங்களுக்குள்ளேயே ஒரு கடிதப் போக்குவரத்து நடந்தால் நல்லது என்று மனுதாரர் பணிவுடன் கருதுகிறார்.

வழியில் ஒவ்வொரு டோல்கேட்டும் காரை அடையாளம் கண்டுகொண்டது. ஃபாஸ்டேக் விற்றவர் பெயரில் இருந்ததால், சுங்கம் கழியக் கழிய அவருக்கு அங்கே மெசேஜ் போய்க்கொண்டிருந்தது. கார் எங்கே வருகிறது என்று அவருக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். காஞ்சிபுரத்தில் வண்டி நின்ற பிறகுதான் இது யாருடைய வண்டி, எங்கிருந்து வந்தது என்ற கேள்விகள் ஆரம்பிக்கின்றன.

சட்டத்தைப் படித்தால் தெளிவு பிறக்கும் என்று மனுதாரர் நம்பினார். பிரிவு 47, வேறு மாநிலத்து வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் புது எண் வாங்க வேண்டும் என்கிறது. பிரிவு 50, வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை விற்றவருக்குத் தெரிவிக்க 45 நாள் தருகிறது. விற்றவர் தொடங்குவதற்குள் வாங்கியவர் முடித்திருக்க வேண்டும் என்பது இதன் பொருளானால், மனுதாரருக்குக் கணக்கு வராது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறார்.

எல்லாவற்றுக்கும் மூலம் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று. டெல்லி அலுவலகம்தான் தர வேண்டும். திருட்டு வழக்கில்லை என்று போலீஸ் சொல்ல வேண்டும், வரி பாக்கி இருக்கக்கூடாது, லோன் இருந்திருந்தால் ஹெச்.பி. எனும் கடன் குறிப்பு கேன்சல் ஆகியிருக்க வேண்டும். எல்லாம் ஆன்லைன்தான். ஆனால் ஓ.டி.பி. விற்றவர் கைப்பேசிக்குப் போகிறது. பணம் வரும்வரை ஒரே ரிங்கில் எடுத்தவர் அவர்.

இதற்கும் சட்டத்தில் ஒரு கருணை உண்டு. விண்ணப்பித்த 30 நாளுக்குள் மறுத்துப் பதில் வராவிட்டால், சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்கிறது பிரிவு 48. அற்புதமான ஏற்பாடு. வராத பதிலுக்கு எத்தனை ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும், அதில் யாரிடம் அட்டெஸ்டேஷன் வாங்க வேண்டும் என்பதை மட்டும் விதிகளில் சேர்த்துவிட்டால் போதும்.

வரி விஷயம் சுருக்கமானது. முதல் ஓனர் டெல்லியில் மொத்தமாகக் கட்டிவிட்டார். மனுதாரர் தமிழ்நாட்டுக்கு, வண்டியின் வயதுக்கு ஏற்ப, மீண்டும் கட்ட வேண்டும். மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டிய இடம் டெல்லி.

காரைப் பார்க்காமல் வாங்கியது தப்பில்லையா என்று அமைச்சகம் கேட்கக்கூடும். வந்த பிறகு பார்த்தார்கள். வெள்ளைகேட் பக்கத்து மெக்கானிக் முதலில் செய்தது, முன்சீட் பெல்ட்டை அது தீரும்வரை வெளியே இழுத்தது. கைக்கு அருகே இருக்கும் பகுதியைத் துடைத்துவிடுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் துடைப்பதில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அங்கே சேற்றுக் கோடு இருக்கும். அடுத்து டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் விரலை விட்டார். பிறகு மீட்டரைப் பார்த்தார், பிரேக் பெடல் ரப்பரைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். மீட்டர் சொன்ன கிலோமீட்டரை ரப்பர் நம்பவில்லை. கடைசியாக சேசிஸ் எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, செல்லோடேப்பை ஒட்டி உரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டிக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கும்போது அந்தத் தாள் வேண்டும். நாடு முழுக்க வண்டி விவரத்தைக் கணினியில் ஏற்றியாயிற்று. கணினி சொல்வது மெய்தானா என்பதற்குக் கடைசி சாட்சி ஒரு பென்சில்.

மனுதாரர் சோதிக்கத் தெரியாதவர் என்று எண்ண வேண்டாம். சரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் வசதி உள்ள ஊர் இது. 2005-ஆம் ஆண்டிலேயே காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. சரிகை சூரத்திலிருந்தும், பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் வருகின்றன. அவற்றுக்கு யாரும் என்.ஓ.சி. கேட்டதில்லை. அதே சூரத்தைத் தொட்டுக்கொண்டு அதே 48-இல் வந்த காருக்குத்தான் இத்தனை படிவம்.

நேர்மையான விற்பனையாளர் கிடைத்த மனுதாரரின் கதை இது. மற்றவர்களுக்குக் கிடைத்தது ‘ராணுவ அதிகாரி’. திடீர் மாற்றல், அவசர விற்பனை, அடையாள அட்டையின் படம், சல்யூட் அடித்தபடி ஒரு போட்டோ. முதலில் கேட் பாஸுக்குப் பணம், அடுத்து பார்சல் கட்டணம், அப்புறம் அந்தப் பணத்தைத் திருப்பித் தர ஒரு கியூ.ஆர். கோடு, ஸ்கேன் செய்தால் பணம் வருவதற்குப் பதில் போகும். கார் கடைசி வரை ராணுவ முகாமை விட்டுக் கிளம்புவதில்லை. சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ மனுதாரர்கள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார்கள். பணம் போன கையோடு அழைத்தால்தான் முடக்க வாய்ப்பு அதிகம்.

விற்றவரும் நிம்மதியாகத் தூங்கக்கூடாது என்பது நீதி. பல கை மாறிய ஒரு கார் விபத்து ஏற்படுத்திய வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காஞ்சிபுரத்தில் டி.எல். நம்பரோடு ஓடும் வண்டி எங்காவது மோதினால், நோட்டீஸ் டெல்லி டாக்டருக்குப் போகும். மனுதாரர் இதைச் சொன்ன அன்றுதான் டாக்டர் முதல் ரிங்கில் போனை எடுத்தார்.

இந்தக் குழப்பம் தங்களுக்கும் தெரியும். அதனால்தான் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததும் அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள், வண்டி போய்வந்த கணக்கை மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2022 டிசம்பரில் விதி செய்து, 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். விதியை மனுதாரர் புரோக்கருக்கு வாசித்துக் காட்டினார். புரோக்கர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது வியாபாரிகளுக்கு, தான் வியாபாரி அல்ல, “தெரிஞ்சவங்களுக்கு உதவி பண்றேன்” என்றார்.

எனவே, அமைச்சகம் கருணை கூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு மனுதாரர் வேண்டிக்கொள்கிறார்:

அ) 30-ஐயும் 45-ஐயும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசவைத்தல்.

ஆ) பெயர் மாற்றத்துக்கான ஒப்புதலை, பணம் கைமாறும் அந்த நிமிடத்திலேயே, விற்பவர் இன்னும் போன் எடுக்கும் நிலையில் இருக்கும்போதே பெற வழி செய்தல்.

இ) ஒரு மாநிலத்தில் கட்டிய வரியின் மிச்சத்தை அடுத்த மாநிலத்துக்கு அரசுகளே தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளுதல். காரே 2,000 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டது. பணம் வருவதற்கு என்ன.

ஈ) மேற்கண்டவை இயலாதெனில், புரோக்கரை அரசிதழில் பதவியாக அறிவித்து, அலுவலக நேரம் நிர்ணயித்தல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் (பலர்).

இணைப்பு:
1. ஆர்.சி. நகல்.
2. கடன் தீர்ந்ததற்கு வங்கிக் கடிதம், படிவம் 35.
3. சேசிஸ் எண், பென்சில் பிரதி.
4. தடையின்மைச் சான்று – வரவில்லை. பிரிவு 48-இன்படி இணைக்கப்பட்டதாகக் கருதவும்.

நகல்:
அமைச்சகம் – தகவலுக்காக.
புரோக்கர் – உரிய நடவடிக்கைக்காக.